சப்ளை செயின் ரிஸ்க்கை முதுகலையில் எடுக்கலாமா? கணக்கு எவ்வளவு வேண்டும், தீசிஸ் எதில் செய்வது?

கொள்முதல்காரி எழுதியது:

வணக்கம். இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாகப் பர்ச்சேஸில் இருக்கிறேன். வேலையை விடாமலே சப்ளை செயின் மேலாண்மையில் முதுகலை சேர்ந்து, முதல் செமஸ்டர் முடிந்துவிட்டது. அடுத்த செமஸ்டருக்கு ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். எதை எடுக்கிறோமோ அதில்தான் தீசிஸும் செய்ய வேண்டும் என்கிறார்கள்.

ரிஸ்க் மேலாண்மைப் பக்கம் மனது போகிறது. அதற்குக் காரணம் ஒரு ரப்பர் சீல். உள்ளங்கையில் நாலு வைக்கலாம், அவ்வளவுதான் அளவு. அது வராமல் 11 இயந்திரங்கள் முக்கால்வாசி முடிந்த நிலையில் 19 நாள் அப்படியே நின்றன. அந்த சப்ளையர் எங்கள் ரிஸ்க் ரெஜிஸ்டரில் (எந்த சப்ளையரால் எவ்வளவு ஆபத்து என்று நிறம் போட்டு வைக்கும் பட்டியல்) என்ன நிறத்தில் இருந்தார் என்று தேடிப் பார்த்தேன். பச்சை! வருடத்துக்கு அவரிடம் வாங்குவது சொற்பத் தொகை, அதனால் பச்சை. அந்த ரெஜிஸ்டரை நிரப்பியவளே நான்தான் என்பது வேறு கதை.

என் கேள்விகள்:
இந்தப் பாடத்துக்குக் கணக்கு எவ்வளவு வேண்டும்? நிகழ்தகவைத் தொட்டுப் பத்து வருடம் ஆகிறது.
"இதெல்லாம் பொது அறிவு, வெள்ளம் வந்தால் லாரி வராது, ஸ்டாக் வைத்துக்கொள், இதற்கு ஒரு பாடமா" என்கிறார் என் மேனேஜர். அவர் சொல்வது சரியா?
தீசிஸுக்கு எந்த மாதிரித் தலைப்பு எடுத்தால் முடிக்க முடியும்?

பழைய கிடங்கு எழுதியது:

எடுங்கள் அம்மா. நான் நாற்பது வயதில் பகுதி நேரமாகப் படித்தவன், கிடங்கிலிருந்து வந்தவன். உங்கள் சீல் கதையைப் படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். எல்லாருக்கும் ஒரு சீல் இருக்கும். எனக்கு அது ஒரு லேபிள் ரோல்.

முதல் வகுப்பிலேயே அல்புகர்க்கி தீயைச் சொல்வார்கள், தயாராக இருங்கள். 2000 மார்ச் 17. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிலிப்ஸின் சிப் தொழிற்சாலை. மின்னல் தாக்கி ஒரு உலையில் தீப்பிடித்தது, பத்து நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்யும் அறையில் தூசு துரும்பு இருக்கக் கூடாது. புகையும் தண்ணீரும் உள்ளே போனதில் அந்த அறைகள் வீணாகிவிட்டன. "ஒரு வாரம் தாமதமாகும்" என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். அந்த வாடிக்கையாளர்களில் பெரிய இருவர் செல்போன் கம்பெனிகளான நோக்கியாவும் எரிக்சனும்.

இதில் பலரும் தப்பான பாடம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். "நோக்கியாவுக்கு இரண்டு சப்ளையர் இருந்தார்கள், எரிக்சனுக்கு ஒருவர், அவ்வளவுதான்" என்று. மாற்று வழி இருந்தது உண்மை, ஆனால் அது பாதிக் கதை. இருவருக்கும் போனது ஒரே "ஒரு வாரம்" செய்திதான். நோக்கியாவில் அதை அப்படியே நம்பாமல் அந்தச் சிப்புகளைத் தனிக் கண்காணிப்பில் வைத்தார்கள், தினமும் விசாரித்தார்கள், விஷயத்தை மேலே கொண்டுபோனார்கள். ஒரு வாரம் மாதங்களாக இழுக்கப் போகிறது என்று தெரிந்ததும், வேறு ஆலைகளில் இருந்த உற்பத்தித் திறனைப் பிடித்துக்கொண்டார்கள். எரிக்சனில் செய்தி கீழேயே தங்கிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது சந்தையில் கையிருப்பு இல்லை. அவர்கள் இழந்தது சுமார் 400 மில்லியன் டாலர் என்று கணக்குச் சொல்வார்கள்.

உங்கள் மேனேஜரிடம் கேளுங்கள்: "தீப்பிடித்தால் சிப் வராது" என்பது பொது அறிவு. "ஒரு வாரம்" என்று ஒரு சப்ளையர் சொன்னால் உங்கள் கம்பெனியில் அந்த வார்த்தை எந்த மேஜையில் போய் நிற்கும்? அதற்குப் பொது அறிவில் பதில் கிடையாது.

மார்க்கோவ் மச்சான் எழுதியது:

கணக்கைப் பற்றி நான் சொல்கிறேன், இந்தத் துறையில்தான் பிஎச்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் (ஓடுகிறதா என்று கேட்காதீர்கள்).

பயப்படும் அளவுக்கு இல்லை. நிகழ்தகவு, எதிர்பார்ப்பு மதிப்பு, லீனியர் புரோகிராமிங், இருப்புக் கோட்பாட்டில் நியூஸ்வெண்டார் மாடல் (எவ்வளவு விற்கும் என்று தெரியாமலே எவ்வளவு வாங்கி வைப்பது என்ற கணக்கு) வரை. இவ்வளவு கைவசம் இருந்தால் வகுப்பில் உட்காரலாம். அதற்கு மேல் சிமுலேஷன், இரண்டு கட்ட ஸ்டொகாஸ்டிக் மாடல் (இப்போது ஒரு முடிவு, நடந்தது தெரிந்த பிறகு இன்னொரு முடிவு), சிவார் (மிக மோசமான நிலைகளில் வரும் சராசரி நஷ்டம்) எல்லாம் சொல்லித் தருவார்கள். எக்ஸெலில் மோன்டே கார்லோ (சீரற்ற எண்களைப் போட்டுப் பல ஆயிரம் முறை நடத்திப் பார்ப்பது) ஓட்டத் தெரிந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். பைதான் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

பொது அறிவு என்கிறவருக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பாகத்துக்கு இரண்டு சப்ளையர்கள். ஆளுக்கு ஒரு வருடத்தில் நின்றுபோக 5% வாய்ப்பு. இருவரும் ஒரே வருடத்தில் நிற்க? 0.05 பெருக்கல் 0.05, அதாவது 0.25%. நானூறு வருடத்துக்கு ஒருமுறை. பர்ச்சேஸ் மீட்டிங்கில் எல்லாரும் நிம்மதியாக எழுந்து போவார்கள்.

இப்போது இருவரும் மூலப்பொருளை ஒரே இடத்தில்தான் வாங்குகிறார்கள், அந்த இடம் நிற்க 3% வாய்ப்பு என்று வையுங்கள். ஆளுக்கு மொத்தம் 5% என்பது மாறவில்லை, அதில் 3% பொதுவான வேரிலிருந்து வருகிறது. இருவரும் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு இப்போது ஏறத்தாழ 3.04%. சுமார் 33 வருடத்துக்கு ஒருமுறை. பன்னிரண்டு மடங்கு! இரண்டு சப்ளையர்களை வைத்துக்கொள்ளச் செலவு செய்தோம், வாங்கியது ஒன்றரை சப்ளையர்கூட இல்லை.

இது கற்பனைக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு நிறம் சாட்சி. 2011 மார்ச் ஜப்பான் நிலநடுக்கத்தின்போது கார் பெயின்டில் மினுமினுப்புத் தரும் சைராலிக் என்ற நிறமிக்குத் தட்டுப்பாடு வந்தது. அதை மெர்க் கம்பெனி ஒனஹாமா என்ற ஊரில் ஒரே ஆலையில் செய்துகொண்டிருந்தது. ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிற வண்டிகளுக்கு ஆர்டர் எடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. பெயின்ட் யாரிடம் வாங்கினாலும் அடியில் அதே ஆலை.

இரண்டாம் அடுக்கு எழுதியது:

மச்சானின் கணக்கு அழகாக இருக்கிறது. அந்த 5% எங்கிருந்து வந்தது? 3% யார் சொன்னது?

நான் பல வருடம் கம்பெனிகளுக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தவன். சப்ளையர் நின்றுபோக எத்தனை சதவீதம் என்று எந்தப் பர்ச்சேஸ் ஆளாலும் சொல்ல முடியாது. அதனால்தான் ரிஸ்க் மேட்ரிக்ஸ். வாய்ப்பு ஒன்று முதல் ஐந்து, பாதிப்பு ஒன்று முதல் ஐந்து, பெருக்கு, சிவப்பாக வந்ததை முதலில் பார். கல்லூரிகள் இதை ஏளனமாகப் பேசும். ஆனால் திங்கள் காலை பத்து மணிக்கு முப்பது பேரை ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசவைக்க இதைவிட எளிய கருவி எது?

கொள்முதல்காரி, படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு கிரேக்க எழுத்து போட்ட மாடலைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மார்க்கோவ் மச்சான் எழுதியது:

அண்ணே, பேசவைக்க நல்ல கருவி, ஒப்புக்கொள்கிறேன். வரிசைப்படுத்தத்தான் ஆகாது. உதாரணம் போடுகிறேன்.

அ: நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும், வந்தால் 2 அலகு நஷ்டம்.
ஆ: ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை, வந்தால் 200 அலகு நஷ்டம்.

மேட்ரிக்ஸில் அ-வுக்கு வாய்ப்பு 4, பாதிப்பு 2, பெருக்கினால் 8. ஆ-வுக்கு வாய்ப்பு 1, பாதிப்பு 5, பெருக்கினால் 5. ஆக அ முதலில். வருடச் சராசரி நஷ்டம் போட்டுப் பாருங்கள்: அ-வுக்கு 0.5, ஆ-வுக்கு 4. எட்டு மடங்கு பெரியதைக் கீழே தள்ளிவிட்டோம். அரிதாக வருவது பெரிதாக வரும் என்ற நிலை இருக்கும் இடத்தில் மேட்ரிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட மோசமாகப் போகலாம் என்று காக்ஸ் என்ற ஆய்வாளர் 2008-லேயே நிரூபித்து எழுதியிருக்கிறார். சப்ளை செயினில் பயமுறுத்தும் விஷயங்கள் எல்லாமே அரிதாக வந்து பெரிதாக அடிப்பவைதானே.

வாய்ப்பு தெரியாது என்பதுதான் உங்கள் வாதத்தின் உண்மையான பலம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

பழைய கிடங்கு எழுதியது:

என்னிடம் இருக்கிறது, வாய்ப்பைக் கேட்காதே என்பதுதான் அந்தப் பதில். :)

எம்ஐடியின் சிம்சி-லெவி குழு ஃபோர்டுடன் செய்த வேலையைப் பாடத்தில் பார்ப்பீர்கள். ஒரு சப்ளையர் எதனால் நிற்பார் என்ற கேள்வியையே விட்டுவிட்டார்கள். நின்றுவிட்டார் என்று வைத்துக்கொண்டு இரண்டே எண்களைக் கேட்டார்கள். அவர் மீண்டும் எழுந்து நிற்க எத்தனை நாள்? அதுவரை நம்மிடம் இருப்பதை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம்? முதலாவது மீளும் காலம், இரண்டாவது தாங்கும் காலம். தாங்கும் காலம் அதிகமென்றால் தூங்கலாம். மீளும் காலம் அதிகமென்றால் இடைவெளி எத்தனை வாரமோ, அத்தனை வார விற்பனை போச்சு.

அதில் வந்த முடிவுதான் கொள்முதல்காரியின் பச்சை நிறத்துக்குப் பதில். ஒரு சப்ளையருக்கு நாம் கொடுக்கும் தொகைக்கும், அவர் நின்றால் வரும் அடிக்கும் சம்பந்தம் குறைவு. மலிவான பாகம் ஒன்று முழு வண்டியையும் நிறுத்திவிடும். உங்கள் ரெஜிஸ்டர் தொகையைப் பார்த்து நிறம் போட்டது. அங்கேதான் கோளாறு.

ஒரு எச்சரிக்கை. மீளும் காலத்தை சப்ளையரிடம் கேட்டால் "இரண்டு வாரம்" என்பார். யாரைக் கேட்டாலும் இரண்டு வாரம்தான். டை (பாகத்தை வார்க்கும் அச்சு) உடைந்தால் புது டை செய்ய எத்தனை வாரம், செய்த பிறகு மாதிரி அனுப்பி உங்கள் தரப் பிரிவு கையெழுத்துப் போட எத்தனை வாரம் என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். அப்போதுதான் உண்மை வரும்.

கொள்முதல்காரி எழுதியது:

இன்று மதிய இடைவேளையில் சீலுக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டோரில் 3 வாரம், வழியில் 1 வாரம். தாங்கும் காலம் 4. சப்ளையர் போனில் சொன்னது... இரண்டு வாரம்! பழைய கிடங்கு ஐயா, நீங்கள் எங்கள் சப்ளையருக்கு உறவா?

பிரித்துக் கேட்டேன். மோல்டு (சீலை வார்க்கும் அச்சு) செய்ய 10 வாரம். எங்கள் பக்கம் அழுத்தச் சோதனை, ஒப்புதல் எல்லாம் சேர்த்து 4 வாரம். மொத்தம் 14. இடைவெளி 10 வாரம். கால்குலேட்டரை மூடிவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாங்கள் 19 நாளில் தப்பித்தது அதிர்ஷ்டம். அன்று கெட்டது மோல்டு இல்லை, வெறும் லாரித் தகராறு.

அந்த 4 வாரம் எங்களுடையது என்பதுதான் உறுத்துகிறது. மாற்று சப்ளையரின் சீலை இப்போதே சோதித்து வைத்துவிட்டால் அந்த நாலு வாரம் போய்விடும் இல்லையா?

இரண்டாம் அடுக்கு எழுதியது:

போய்விடும். அந்தச் சோதனைக்குத் தரப் பிரிவில் ஆள் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். :)

சரி, மேட்ரிக்ஸ் விஷயத்தில் பாதி இறங்கி வருகிறேன். இந்த இரண்டு எண் முறை எனக்கும் பிடித்திருக்கிறது, மீட்டிங்கில் சொன்னால் புரியும்.

கப்பல் கணக்கு எழுதியது:

சரக்குப் போக்குவரத்து ஆள். நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும்.

எல்லாரும் "நின்றுபோவது" பற்றியே பேசுகிறீர்கள். என் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றும் நிற்பதில்லை, தாமதமாகிறது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது ஆறு நாள். 400 மீட்டர் நீளக் கப்பல். பின்னால் 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்தன. கப்பலை மிதக்கவிட்ட அன்றே செய்திகள் அடங்கிவிட்டன. எங்களுக்கு அன்றுதான் வேலை ஆரம்பம். காத்திருந்தவை எல்லாம் ஒரே வாரத்தில் துறைமுகங்களுக்கு வந்தன, இறக்க இடமில்லை, காலிக் கண்டெய்னர் திரும்பிப் போகவில்லை, அதனால் அடுத்த ஏற்றுமதிக்குப் பெட்டி இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனவர்களுக்குப் பயணம் ஒன்றிரண்டு வாரம் கூடியது. சரக்கு வந்தது. வரும் தேதிதான் யாருக்கும் தெரியவில்லை.

சராசரி லீட் டைமை (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் காலம்) மட்டும் வைத்து பாதுகாப்பு ஸ்டாக் போடுகிறவர்கள் இங்கேதான் விழுவார்கள். ஏற்ற இறக்கத்தையும் அளக்கச் சொல்லித் தரும் பாடமா என்று பாடத்திட்டத்தில் பாருங்கள்.

மார்க்கோவ் மச்சான் எழுதியது:

நல்ல இடத்தில் புகுந்தீர்கள். அடிக்கடி வந்து சீக்கிரம் போகும் தடங்கலுக்கு ஸ்டாக் நல்ல மருந்து. எப்போதாவது வந்து மாதக்கணக்கில் இழுக்கும் தடங்கலுக்கு மாற்று சப்ளையர்தான் மருந்து. ஏனென்றால் வராத தடங்கலுக்காக மாதக்கணக்கான ஸ்டாக்கை வருடக்கணக்கில் சுமக்க வேண்டியிருக்கும். சப்ளையர் மொத்தத்தில் எத்தனை சதவீத நாட்கள் ஓடுகிறார் என்பது ஒன்றாகவே இருந்தாலும் விடை மாறும். டாம்லின் என்ற ஆய்வாளர் 2006-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டுகிறது. கணிதப் பகுதியைத் தாண்டிவிட்டாவது படியுங்கள்.

பழைய கிடங்கு எழுதியது:

மாற்று சப்ளையரை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், மச்சான்.

1997 பிப்ரவரி 1, ஜப்பானில் கரியா என்ற ஊரில் ஐசின் செய்கி ஆலை எரிந்தது. டொயோட்டாவின் பிரேக் பாகமான பி-வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே ஆலையிலிருந்துதான் வந்தது. மாற்று கிடையாது, ஸ்டாக்கும் மணிக்கணக்கில்தான். புத்தகப்படி பார்த்தால் டொயோட்டா மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். சுமார் ஒரு வாரத்தில் எழுந்துவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அந்த வால்வைச் செய்து கொடுத்தன. முன்பின் அதைச் செய்திராதவர்கள்! வரைபடத்தை வாங்கிக்கொண்டு, ஆளுக்குத் தெரிந்த மெஷினில், ஆளுக்குத் தெரிந்த வழியில். யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பேச்சு பிறகுதான் வந்தது.

விலையில் கழுத்தை நெரித்து, 120 நாள் கழித்துப் பணம் கொடுக்கிற கம்பெனிக்காக யாராவது ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஓட்டுவார்களா? இதை எந்த மாடலில் எந்த மாறியாக வைப்பீர்கள்?

மார்க்கோவ் மச்சான் எழுதியது:

மீளும் காலத்துக்குள் வைப்போம். :) ஆனால் ஒத்துக்கொள்கிறேன், அதை அளக்கும் வழி எங்களுக்கு இன்னும் சரியாகக் கைவரவில்லை.

ஆனாலும் வால்வு என்பது மெஷினிங் செய்யும் சாமான், அதனால் அறுபது பேர் செய்ய முடிந்தது. சிப்பையோ ஊசி மருந்தையோ அப்படிச் செய்ய முடியாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளத்தில் வட கரோலினாவில் பாக்ஸ்டர் என்ற மருந்துக் கம்பெனியின் ஆலை மூழ்கியபோது அமெரிக்காவின் நரம்புவழித் திரவத்தில் சுமார் 60% அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. அங்கே நல்லுறவு மட்டும் போதாது, அனுமதி பெற்ற இன்னொரு ஆலை வேண்டும்.

சட்டப்புள்ளி எழுதியது:

பாடத்திட்டம் பார்க்கும்போது இரண்டு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் இன்னும் ஒட்டுப்போட்டதுபோல்தான் இருக்கும்.

ஒன்று சட்டம். சப்ளையர்களிடம் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று கம்பெனிகளைப் பார்க்கச் சொல்லும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டாய உழைப்புத் தொடர்பான அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் செய்த பொருள் என்றாலே கட்டாய உழைப்பில் வந்தது என்று அனுமானித்துவிடுவார்கள், இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பாடு. புயலும் வேண்டாம், தீயும் வேண்டாம், சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

இரண்டு சைபர். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாச மென்பொருள் உக்ரைனில் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நுழைந்து மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்கியது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். உங்கள் சப்ளையர் பட்டியலில் மென்பொருள் விற்றவர் இருக்கிறாரா? பெரும்பாலும் இருக்க மாட்டார், அவர் ஐடி பட்ஜெட்டில் இருப்பார்.

தீசிஸ் திண்டாட்டம் எழுதியது:

தீசிஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று வந்தேன். பெயரைப் பார்த்தாலே தெரியும், அனுபவஸ்தன்.

நான் எடுத்த தலைப்பு "பல அடுக்கு சப்ளை செயினில் இடர்களைக் கண்டறிந்து முன்கணித்தல்". சொல்லும்போதே மூச்சு வாங்குகிறதா? 340 சப்ளையர்களுக்குக் கேள்விப் படிவம் அனுப்பினேன், அவர்களுடைய சப்ளையர்கள் யார் என்று கேட்டு. திரும்பி வந்தது 22. அதிலும் ஒன்பது பேர் "ரகசியம்" என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் என்னையே சப்ளையராகப் பதிவு செய்யச் சொல்லிப் படிவம் அனுப்பினார். ஐந்து மாதம் போனது. பிறகு மெஷின் லேர்னிங் வைத்து முன்கணிக்கலாம் என்று இறங்கினேன். பெரிய தடங்கல் என்று எங்கள் டேட்டாவில் இருந்தது மொத்தம் ஏழு. ஏழை வைத்து எதைக் கற்பிப்பது? "எதுவும் நடக்காது" என்று எப்போதும் சொல்லும் மாடலே அதிகத் துல்லியம் காட்டியது.

கடைசியில் நான் தப்பித்தது எப்படி என்றால், ஒரே ஒரு தயாரிப்பின் பாகப் பட்டியலை எடுத்துக்கொண்டேன். ஒரு தயாரிப்பு, 60 சொச்சம் பாகம், தாங்கும் காலம், மீளும் காலம், இடைவெளி. மூன்று மாதத்தில் முடிந்தது. பயந்ததற்கு மாறாக வைவாவில் நல்ல கேள்விகள் வந்தன.

இன்னொரு குழியையும் சொல்கிறேன். "எங்கள் சப்ளை செயின் மீள்திறன் கொண்டது: முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், தெரியாது..." என்று 200 மேனேஜர்களிடம் டிக் வாங்கி, அதை ஒரு அம்புக்குறிப் படமாக்கி முடிக்கும் தீசிஸ்கள் உண்டு. சீக்கிரம் முடியும். ஆனால் தன் கம்பெனி மீள்திறன் இல்லாதது என்று எந்த மேனேஜர் டிக் போடுவார்?

கம்பெனி டேட்டா தராவிட்டால் வெளியில் கிடைப்பதை வைத்துச் செய்யலாம். ஹென்ட்ரிக்ஸ், சிங்கல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-ல் அப்படித்தான் செய்தார்கள். தடங்கல் பற்றிய 519 அறிவிப்புகளை எடுத்து, அறிவிப்பை ஒட்டிப் பங்கு மதிப்பு சராசரியாக 10 சதவீதத்துக்குச் சற்று மேல் விழுந்ததைக் காட்டினார்கள். செய்தியும் பங்கு விலையும் யாருடைய அனுமதியும் இல்லாமல் கிடைக்கும்.

கம்பெனி டேட்டாவைத் தொடுவதென்றால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தையில் "சரி, பயன்படுத்திக்கோ" என்றவர் வேலை மாறிப் போய்விடுவார். எனக்கு அதுவும் நடந்தது.

இரண்டாம் அடுக்கு எழுதியது:

இந்த இழையிலேயே உருப்படியான பதில் இதுதான். என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொள்முதல்காரி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பாடத்தை எடுத்துவிட்டேன்.

தீசிஸ் திண்டாட்டம் சொன்னபடி ஒரே இயந்திரம், அதன் பாகப் பட்டியல். 42 பாகம், 14 சப்ளையர்கள். எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன், கம்பெனி பெயரும் சப்ளையர் பெயர்களும் வராது, எண்கள் ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி வரும். கைடு ஒப்புக்கொண்டார்.

படிவம் அனுப்பாமல் போனில் கேட்டேன், ஆளுக்கு நாலே கேள்வி. 14 பேரில் 12 பேர் பதில் சொன்னார்கள். மேலடுக்கு சப்ளையர் பெயரைக் கேட்கவில்லை. "உங்கள் மூலப்பொருள் ஒரே இடத்திலிருந்தா, இரண்டு இடத்திலிருந்தா" என்று மட்டும் கேட்டேன். அப்படிக் கேட்டதும் பலர் பெயரையே சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் சீல் விஷயம். மாற்றுக்காக இன்னொரு சப்ளையரைப் பிடித்து சோதனைக்குக் கொடுத்துவிட்டேன் (தரப் பிரிவில் ஆள் கேட்டு நான் பட்ட பாடு தனி இழை). அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். ரப்பர் கலவை யாரிடம் வாங்குகிறீர்கள் என்று. பழையவர் வாங்கும் அதே இடம். மச்சானின் 3.04% என் மேஜைக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. மேனேஜரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அந்தக் கலவைக்காரரிடம் எவ்வளவு ஸ்டாக் இருக்குமாம்?" என்று கேட்டார். பொது அறிவு என்று சொல்லவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். அந்த சீல் பாதி முடிந்த சப் அசெம்பிளிகளிலும் (முழு இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் தனியாகக் கோர்த்து வைக்கும் பகுதிகள்) இருக்கிறது, எப்போதும் ஒரு 15, 20 கிடக்கும். தாங்கும் காலத்தில் அவற்றைச் சேர்க்கலாமா? சேர்த்தால் 4 வாரம் 5 ஆகிறது.

பழைய கிடங்கு எழுதியது:

அந்த சப் அசெம்பிளியை முடிக்க வேறு எந்தப் பாகமும் தேவையில்லை, அதை அப்படியே கடைசி லைனில் ஏற்றலாம் என்றால் சேர்க்கலாம். இன்னொரு பாகத்துக்காகக் காத்துக் கிடப்பதென்றால் சேர்க்காதீர்கள், அது ஸ்டாக் இல்லை, இன்னொரு தட்டுப்பாடு. லைனுக்குப் போய் ஏன் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேக் போட்டிருப்பார்கள்.

கொள்முதல்காரி எழுதியது:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 17 இருந்தன. 6-தான் உடனே ஏற்றக்கூடியவை. மீதி 11-ம் ஒரு பேரிங்குக்காகக் காத்திருக்கின்றன. ரெஜிஸ்டரில் பேரிங் சப்ளையர் என்ன நிறம் என்று கேட்காதீர்கள்.